பதினொரு மணிக் குரல்

அந்தக் காட்டில் கூடாரம் போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மேலே தார்ப்பாய் கட்ட வேண்டும். அதன் கீழே நின்று, நனையாமல், கூடாரத்தை விரிக்க வேண்டும். நகரத்திலிருந்து வருபவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். கூடாரத்தை மழையில் விரித்து, தாங்களும் நனைந்து, பிள்ளைகளின் படுக்கையையும் நனைத்து, கடைசியில் தார்ப்பாய் எங்கே என்று தேடுவார்கள். அதைப் பார்த்தால் வெர்னாவுக்கு உடம்பெல்லாம் எரியும்.

"வீட்டுக்குச் சுவர் கட்டிட்டுத்தான கூரை போடுவீங்க? இங்க கூரைதான் முதல்ல" என்பாள். திட்டிக்கொண்டே தன் பழைய நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து நான்கு மரங்களுக்கு இடையே இழுத்துக் கட்டிக் கொடுப்பாள். தண்ணீர் ஒரே பக்கமாக வடியும்படி ஒரு மூலையைத் தாழ்த்துவாள். நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்த கூடாரத்துக்குப் போயிருப்பாள்.

வான்கூவர் தீவின் மேற்குக் கரையில், மரம் வெட்டும் கம்பெனியின் ஜல்லி ரோட்டில் ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டரில் இருக்கிறது ஹாக்கெட் ஆற்று முகாம். மொத்தம் பதினெட்டு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, ஒரு நெருப்புக் குழி, கரடி திறக்க முடியாத ஓர் இரும்புப் பெட்டி. மரங்கள் மேலே எங்கே முடிகின்றன என்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். விழுந்த மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் பெரணி, பெரணியின் மேல் மழை. போன் எடுக்காது. ஆற்றுச் சத்தம் மட்டும் இரவும் பகலும் கேட்கும். ஒன்பதாம் எண் இடத்தில் ஒரு பழைய டிரெய்லர் வீட்டில் வெர்னா பத்தொன்பது வருடம் இருந்தாள். முகாமின் காவல்காரி, துப்புரவுக்காரி, விறகுக்காரி எல்லாம் அவள்தான். வயது அறுபத்து மூன்று.

அதற்கு முன் அவள் லாரி ஓட்டியவள். அந்த ரோட்டில் மர லாரி ஓட்டிய முதல் பெண். சேர்ந்த புதிதில் ஆண் டிரைவர்கள் அவளோடு ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள் என்று சொல்வாள். பிறகு ஒரு பனிக்காலத்தில் மூன்று பேருடைய லாரிகளை அவள்தான் பள்ளத்திலிருந்து இழுத்து வெளியே எடுத்தாள். அதற்குப் பிறகு உட்கார்ந்தார்கள்.

அந்த ரோட்டில் போகிற ஒவ்வொரு லாரியிலும் ரேடியோ உண்டு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு பலகை. பலகையைத் தாண்டும்போது டிரைவர் தன் இடத்தைச் சொல்ல வேண்டும். "மேல, இருபத்தி ரெண்டு, காலி" என்றால் இருபத்திரண்டாவது பலகையில் காலி லாரி மேலே ஏறுகிறது. "கீழ, முப்பது, லோடு" என்றால் மரம் ஏற்றிய லாரி இறங்குகிறது. இதைக் கேட்டு மற்றவர்கள் அகலமான இடத்தில் ஒதுங்கி நிற்பார்கள். நாற்பத்து மூன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை ரோடு குறுகல். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஆறு. அங்கே ஒதுங்க இடமே இல்லை. அங்கே காதுதான் கண்.

ஆனால் முகாமுக்கு வருபவர்களிடம் ரேடியோ ஏது? வெர்னா லாரி ஓட்டிய கடைசி வருடத்தில், நாற்பத்தேழாம் வளைவில், லோடு லாரியோடு திரும்பியபோது எதிரே ஒரு சின்ன கார் நின்றது. முழுப் பலத்தோடு பிரேக் போட்டாள். லாரியின் முன் கம்பி காரின் கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. பின் சீட்டில் ஒரு சிறுமி, பாதி உரித்த ஆரஞ்சுப் பழத்தோடு, வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருடக் கடைசியில் வெர்னா லாரி ஓட்டுவதை விட்டாள். முழங்கால் வலி என்று எல்லோரிடமும் சொன்னாள். அடுத்த வசந்தத்தில் முகாம் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள்.

வந்த முதல் மாதமே அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். தினமும் காலை பதினொரு மணிக்கு, கிளம்ப வேண்டியவர்கள் எல்லாம் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். அவள் தன் பிக்கப் வண்டியில் முன்னால் போவாள். அவளிடம் ரேடியோ உண்டு. எல்லோருக்குமாக அவளே பலகை எண் சொல்வாள். நாற்பத்து மூன்றில், ரோடு அகலமாகும் இடத்தில், அவர்களை விட்டுவிட்டு, அங்கே காத்திருக்கும் புது ஆட்களைப் பன்னிரண்டு மணிக்கு மேலே கூட்டி வருவாள். அந்த இடத்தில் ஒரு மரப்பலகையில் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தாள்: 'இங்கே நில்லுங்கள். பன்னிரண்டுக்கு வெர்னா வருவாள். அதுவரை காபி குடியுங்கள்.'

டிரைவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. தாய்க்கரடிக்குப் பின்னால் குட்டிகள் போவது போல இருக்கிறது என்று டெல்பர்ட் என்ற டிரைவர்தான் முதலில் சொன்னான். ஆற்று முகத்துவாரத்துக் கிராமத்தில் பிறந்தவன். அவன் முன்னோர்கள் அந்த ஆற்றில் மீன் பிடித்தது ரோடும் கம்பெனியும் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பு. அன்றிலிருந்து அவளுக்குக் கரடியம்மா என்று பெயர். அவளும் விடவில்லை. ரேடியோவில் அப்படியே சொல்ல ஆரம்பித்தாள்: "கீழ, ஐம்பத்தி ரெண்டு, வெர்னா, பின்னாடி ஆறு குட்டி." கீழே நாற்பத்து மூன்றில் காலி லாரிகள் ஒதுங்கி நிற்கும். டிரைவர்கள் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொள்வார்கள். குட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். பிள்ளைகள் கையாட்டுவார்கள். கடைசி வண்டி போனதும் லாரிகள் மேலே ஏறும்.

பத்தொன்பது வருடம். யாரும் அவளை இதைச் செய்யச் சொல்லவில்லை. இதற்கென்று அவளுக்கு யாரும் எதுவும் தரவில்லை. பத்தொன்பது வருடத்தில் அந்தக் குறுகலில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

அப்புறம் முகாமை நடத்தும் ஒப்பந்தம் நகரத்து நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. ஆகஸ்ட் மாதம் முதல் வியாழக்கிழமை அதன் மேற்பார்வையாளன் ப்ரெஸ்டன் வந்தான். இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். மழைக்கோட்டில் கடை மடிப்பு கூடக் கலையவில்லை. நாற்பத்து மூன்றிலிருந்த வெர்னாவின் பலகையைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டே வந்திருந்தான். முகாம் அலுவலகக் குடிசையிலிருந்த ரேடியோவை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டினான். பிறகு அவளை மேசையில் உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை.

"மேடம், நீங்க ரோட்டுல கூட்டிட்டுப் போறப்ப ஏதாவது ஆச்சுன்னா கேஸ் நம்ம மேலதான் வரும். கேட்டுக்கு வெளிய நடக்கறதுக்கு நாம பொறுப்பில்ல. இனிமே அது வேண்டாம். உங்க வண்டி ரேடியோலயும் முகாம் சார்பா எதுவும் பேசக்கூடாது."

"பத்தொன்பது வருஷமா ஒண்ணும் ஆகல தம்பி."

"அதைத்தான் சொல்றேன். ஏதாவது ஆகறதுக்குள்ள நிறுத்திடலாம்."

வெர்னா அவனுக்குப் புரிய வைக்கப் பார்த்தாள். பதினொரு மணிக்கு டிரைவர்கள் தன் குரலுக்காகக் காத்திருப்பார்கள் என்றாள். ப்ரெஸ்டன் கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டிவிட்டு, லாரிக் கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் தகவல் சொல்லிவிடும், டிரைவர்களுக்கு இன்றைக்கே மின்னஞ்சல் போய்விடும் என்றான். மீறினால் வேலை போகும், டிரெய்லரையும் எடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதையும் மரியாதையாகவே சொன்னான். அவளுக்கு வேறு வீடு இல்லை. அது அவனுக்கும் தெரியும். நிறுவனத்தின் ஊழியர் பட்டியலில் அவள் முகவரி என்ற இடத்தில் 'ஒன்பதாம் எண், ஹாக்கெட் ஆறு' என்றுதான் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிளம்ப வேண்டியது ஒரே ஒரு வண்டி. நடீன் என்ற பெண், அவள் கணவன், இரண்டு பிள்ளைகள். பச்சை நிற வேன். மூன்று வருடமாக வருபவர்கள். தார்ப்பாயை முதலில் கட்டத் தெரிந்தவர்கள். அதனாலேயே வெர்னாவுக்கு அவர்களைப் பிடிக்கும். பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாசலில் வந்து, இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வெர்னா நடந்து வந்தாள், கையில் சாவி இல்லாமல்.

"நீங்க வரலையா?" என்றாள் நடீன்.

"வரக்கூடாதாம். மெதுவாப் போங்க. லைட்ட அணைக்காதீங்க. ஒவ்வொரு வளைவுலயும் ஹார்ன் அடிங்க. டிரைவருங்ககிட்ட சொல்லியிருக்காங்களாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னதற்காக வெர்னா இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

வேன் போனது. அவள் கையுறை போட்டுக்கொண்டு கழிவறை கழுவப் போனாள். வாளியில் தண்ணீர் ஊற்றினாள். தரையைத் தேய்த்தாள். மணி பதினொன்று எட்டு ஆனபோது அவளுடைய கை நின்றது.

மின்னஞ்சலா? டெல்பர்ட்டுக்கா? பிறந்த நாளுக்குத் தபாலில் வருகிற வாழ்த்து அட்டையையே பிரிக்காமல் லாரியில் மூன்று மாதம் வைத்திருப்பவன் அவன். யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை என்றால்? பதினொரு மணிக்கு அவன் நாற்பத்து மூன்றில் நின்று காதைத் தீட்டிக் கேட்டிருப்பான். அவள் குரல் வரவில்லை. வரவில்லை என்றால் அவனுக்கு என்ன அர்த்தம்? பத்தொன்பது வருடத்தில் அவள் குரல் வராத நாட்கள் உண்டு. முகாமில் யாருமே கிளம்பாத நாட்கள். அன்றைக்கெல்லாம் பதினொரு மணிக்கு ரேடியோ சும்மா இருந்தால், குட்டி ஒன்றும் வரவில்லை, ரோடு காலி என்று டிரைவர்கள் கிளம்பி விடுவார்கள். அவள் பேசினால் ஆட்கள் வருகிறார்கள். பேசாவிட்டால் யாருமில்லை. இந்தப் பாடத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்து, ரோடு காலி, தாராளமாக வா என்று அவளே டெல்பர்ட்டைக் கூப்பிட்டுவிட்டாள்.

கையுறையைக் கழற்றவில்லை. பிக்கப் வரை ஓடினாள். முழங்கால் வலி ஒன்றும் தெரியவில்லை. மைக்கை எடுத்து அழுத்தினாள்.

"டெல்பர்ட், நில்லு. ஒரு குட்டி வருது. பச்சை வேன். ரேடியோ இல்ல. நில்லு."

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு, "பாத்துட்டேன்" என்று அவன் குரல் வந்தது. மைக்கிலிருந்து விரலை எடுக்க அவனுக்கு நேரமில்லை போலும். இரும்பு பாறையில் உராயும் சத்தம் அதே மைக்கில், நீளமாக, கேட்டுக்கொண்டே இருந்தது.

நாற்பத்தேழாம் வளைவு. குரல் காதில் விழுந்த அதே கணத்தில் டெல்பர்ட் பிரேக்கில் கால் வைத்திருந்தான். பச்சை நிறம் கண்ணில் பட்டதும் லாரியைப் பாறைப் பக்கம் ஒடித்தான். ஆற்றுப் பக்கத்தை வேனுக்கு விட்டுவிட்டான். வேனின் பக்கக் கண்ணாடி பறந்தது. முன் சக்கரம் ஒன்று விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. பிள்ளைகள் அழக்கூட இல்லை. டெல்பர்ட்டுக்குக் காறை எலும்பு உடைந்தது. வெர்னா அங்கே போய்ச் சேர்ந்தபோது அவன் ஒரு கையால் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"என்ன கரடியம்மா, பதினொண்ணுக்குத் தூங்கிட்டீங்களா?" என்றான்.

மின்னஞ்சல் யாருக்கும் போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. அது தலைமை அலுவலகத்தில் யாருடைய கணினியிலோ, எழுதி முடிக்காத அரைக் கடிதமாகக் கிடந்தது.

அதற்கு யாராவது தலைகுனிந்தார்களா? இல்லை. இரண்டு வாரம் கழித்து ப்ரெஸ்டன் ஒரு கடிதத்தோடு வந்தான். அன்று மழை. வெர்னாவின் தார்ப்பாயின் கீழே, மேசையில் வைத்து அதை அவள் படித்தாள். அனுமதி இல்லாத ரேடியோ அறிவிப்பால் லாரி ஓட்டுநரின் கவனம் சிதறியது என்று அதில் எழுதியிருந்தது. காவல்காரி பல வருடங்களாகத் தன்னிச்சையாக நடத்திய ஒரு பழக்கத்தால் ஓட்டுநர்கள் தவறான நம்பிக்கை கொண்டார்கள் என்று எழுதியிருந்தது. இவற்றை ஒப்புக்கொண்டு கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் இந்தப் பருவம் முடியும்வரை வேலையில் இருக்கலாம்.

கவனம் சிதறியதாம். டெல்பர்ட் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே, அந்தக் குரல் வந்ததால்தான் நான்கு பேர் ஆற்றில் விழவில்லை என்று வாக்குமூலம் கொடுத்திருந்தான். நடீனும் கொடுத்திருந்தாள். அந்த இரண்டைப் பற்றியும் கடிதத்தில் ஒரு வரி இல்லை. நிறுத்தச் சொன்னவனுடைய பெயரும் எங்கும் இல்லை. பத்தொன்பது வருடமாக ஒருவரையும் சாகவிடாத பழக்கம் குற்றமாகிவிட்டது. ஒரே நாளில் நான்கு பேரைச் சாவின் விளிம்பு வரை கொண்டுபோன உத்தரவுக்குப் பெயர் பாதுகாப்பு.

வெர்னா பேனா கேட்டாள். ப்ரெஸ்டன் நிம்மதியோடு எடுத்துக் கொடுத்தான். அவள் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில், லாரி டிரைவர்களுக்கே உரிய பெரிய கோணல் எழுத்தில் எழுதினாள்: 'பதினொன்று எட்டுக்குக் கூப்பிட்டேன். பதினொன்றுக்கே கூப்பிட்டிருந்தால் அவன் எலும்பு உடைந்திருக்காது. என் தப்பு அந்த எட்டு நிமிடம்தான்.' கீழே கையெழுத்துப் போட்டாள்.

"இது இல்ல மேடம், முன்பக்கம்…"

"முன்பக்கம் நீங்க எழுதினது. நீங்களே கையெழுத்துப் போட்டுக்கங்க."

காலி செய்ய ஒரு வாரம் கொடுத்தார்கள். டிரெய்லரின் சக்கரங்களுக்கிடையே பெரணி முளைத்திருந்தது. கூரையில் விரல் தடிமனுக்குப் பாசி. அது அசையுமா என்பதே சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை, லாரிகள் ஓடாத நாளில், நான்கு டிரைவர்கள் இழுவை வண்டியோடு வந்தார்கள். டெல்பர்ட் கையைக் கழுத்திலிருந்து துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இடது பக்கம், வலது பக்கம் என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டான். ஒரு வேலையும் செய்யாதவனுக்குத்தான் வாய் நீளம் என்று மற்றவர்கள் திட்டினார்கள். வெர்னா நெருப்புக் குழியின் சாம்பலை அள்ளிக் கொட்டி, இடத்தைச் சுத்தமாகப் பெருக்கினாள். அடுத்து யார் வந்தாலும் அது நல்ல இடம். காலை வெயில் அங்கேதான் முதலில் விழும், விழுகிற நாளில்.

எங்கே கொண்டுபோய் விடுவது என்று அவர்கள் கேட்டபோது, நாற்பத்து மூன்றுக்கு என்றாள்.

அந்த அகலமான இடம் முகாமுக்குச் சொந்தமில்லை. லாரிக் கம்பெனியின் ரோட்டோரம். ரோட்டுக்குப் பொறுப்பான மனிதரைப் போய்ப் பார்த்தாள். வெர்னா முன்பு பள்ளத்திலிருந்து இழுத்தெடுத்த மூன்று லாரிகளில் ஒன்று அவருடையது. டிரெய்லர் அங்கேயே நிற்கட்டும் என்று தலையாட்டினார். என் ரோட்டில் ரேடியோ வைத்திருப்பவர்கள் பேசத்தான் வேண்டும், பேசாதவர்கள்தான் எனக்குத் தொந்தரவு என்றார்.

இப்போது வரிசை தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான். பத்து மணிக்குப் புது ஆட்களை மேலே கூட்டிப்போகிறாள். முகாம் வாசலுக்கு வெளியே, ஓரடி தள்ளி, வண்டியைத் திருப்பி நிறுத்துகிறாள். உள்ளே கால் வைப்பதில்லை. பதினொரு மணிக்குக் கிளம்புகிறவர்களைக் கீழே கொண்டு வருகிறாள். யாரும் சொல்லவில்லை, யாரும் எதுவும் தரவில்லை, முன்பு போலவே. ஆனால் படுத்தால் ஆறு கேட்பதில்லை. நாற்பத்து மூன்றில் ஆறு மிகவும் கீழே ஓடுகிறது. இரவில் அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வருகிறது. மற்றதற்கெல்லாம் பகலிலேயே கோபப்பட்டு முடித்துவிடுகிறாள்.

பகலில் கோபப்படுவதற்குப் பஞ்சமில்லை. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் முகாமைப் பற்றி ஒரு புதிய வரி வந்திருப்பதாக நடீன் ஒரு தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்து காட்டினாள்: 'குறுகலான பாதையில், அனுபவமுள்ள உள்ளூர்க்காரர் தினமும் வழிகாட்டுவார்.' பெயர் இல்லை. வெர்னா அந்தத் தாளை நனையாமல் மடித்து வைத்துக்கொண்டாள். அவள் கையால் எழுதிய பலகையை மட்டும் இன்னும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. வேறு ஒன்று எழுதி நட்டாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, அந்தப் புதுப் பலகையின் அருகே ஏழு வண்டிகள் நின்றன. ஏழாவது, நிறுவனத்தின் வெள்ளை வண்டி. உள்ளே ப்ரெஸ்டன். கண்ணாடியை இறக்கவில்லை. வெர்னாவைத் தாண்டி முன்னால் போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். மேலே வளைவைப் பார்த்தான். கையில் காபி வைத்துக்கொண்டு நின்றிருந்த டிரைவர்களைப் பார்த்தான். போகவில்லை. டெல்பர்ட் அன்றுதான் மறுபடி லாரி ஓட்ட வந்திருந்தான். வெர்னாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

வெர்னா வண்டியில் ஏறி மைக்கை எடுத்தாள். மணி பத்து.

"மேல, நாப்பத்தி மூணு, வெர்னா, பின்னாடி ஏழு குட்டி. கடைசிக் குட்டி வெள்ளை. அதுக்கு ரோடு தெரியாது. பாத்து வழி விடுங்க."